சிவகாசி லேபிளும் ஒரு ஜெர்மன் சட்டமும்

1

நேற்றுக் காலை எங்கள் ஊர் ரயில் நிலையத்துச் சுரங்கப்பாதையில் கூட்டம் தேங்கி நின்றது. சுவரில் யாரோ கறுப்புச் சாயத்தால் ஒரு குறியைப் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். நகராட்சி ஆள் ஒருவர் வாளியும் கம்பிப் பிரஷுமாக அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் அழிந்திருந்தாலும் அது இன்ன குறி என்று எனக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. என் கை ஆயிரம் தடவை வரைந்த குறி அது.

“எங்கள் ஊர்” என்று எழுதிவிட்டேன், பாருங்கள். பதினோரு வருஷம் இருந்துவிட்டால் பேனா இப்படித்தான் தடுமாறுகிறது. எங்கள் ஊர் சிவகாசி. இது மேற்கு ஜெர்மனியில் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சிறு நகரம். அச்சு இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை.

இந்த நாட்டில் பிரதமரைத் தெருவில் நின்று திட்டலாம். அவரைக் கழுதையாக வரைந்து பத்திரிகையில் போடலாம். சாமி இல்லை என்று மாதா கோயில் வாசலிலேயே கூட்டம் போடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த ஸ்வஸ்திகத்தை நாலு பேர் பார்க்கும்படி வைத்தால் போலீஸ் வரும். வழக்கு வரும். நாஜி ஆட்சியின் கொடியில் இருந்த குறி அது. அந்தக் கட்சியின் சின்னங்களைக் காட்டக் கூடாது என்பது இங்கே சட்டம்.

ஊரிலிருந்து கடிதம் எழுதுகிற நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். “ஒரு கோட்டுக்குப் பயப்படுகிற சர்க்காரா?” என்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்தச் சட்டம் என் வீட்டுக் கதவைத் தட்டிய கதையைச் சொல்கிறேன்.

2

சிவகாசியில் ஒரு கல்லச்சு அச்சகத்தில் நான் ஓவியனாக இருந்தேன். தீப்பெட்டிக்கும் வெடிக்கட்டுக்கும் லேபிள் வரைவது வேலை. கிளி, சேவல், யானை, ரயில் எஞ்சின் என்று கம்பெனிக்காரர் கேட்டதை வரைய வேண்டும். கல்லில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றித்தான் வரைய வேண்டும். தாளில் விழும்போதுதான் நேராகும். அப்படி ஒரு தீப்பெட்டிக் கம்பெனிக்காக, சிவப்பு வட்டத்துக்குள் மஞ்சள் ஸ்வஸ்திகம், நாலு மூலையிலும் நாலு புள்ளி என்று ஒன்று வரைந்தேன். அந்த லேபிள் நன்றாக ஓடியது. வருஷக்கணக்கில் அச்சாகிக்கொண்டே இருந்தது.

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அது எங்கள் வீட்டுக் குறி இல்லை. ஆனால் வாரத்துக்கு ஆறு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, அது தறிக்காரனுக்குச் சேலைக் கரைபோல. யுத்த காலத்தில், பள்ளிக்கூடத்துப் பையனாகப் பத்திரிகைப் படங்களில் ஜெர்மன் கொடியைப் பார்த்தது உண்டு. தெரியாது என்று சொன்னால் பொய். தெரிந்தும் இரண்டையும் சேர்த்து நினைத்ததில்லை. அதுதான் உண்மை.

எங்கள் அச்சகத்துக்கு ஜெர்மன் மிஷின் ஒன்று வந்தது. அதைப் பழகிக்கொள்ள என்னை ஐம்பத்தெட்டில் இங்கே அனுப்பினார்கள். ஒரு வருஷப் பயிற்சி முடிந்ததும் தொழிற்சாலையே என்னை வேலைக்கு வைத்துக்கொண்டது. அடுத்த வருஷம் மனைவி ஞானமும் மகள் லில்லியும் கப்பலேறி வந்து சேர்ந்தார்கள். ஞானம் சாத்தூர்க்காரி, நர்ஸ் வேலை பார்த்தவள். லில்லிக்கு அப்போது எட்டு வயது.

அவர்கள் வந்து ஆறு மாதத்தில் மாரியப்பனிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. மாரியப்பன் சிவகாசி அச்சகத்தில் மிஷின்மேன், என் கூட்டாளி. உள்ளே சாத்தூர் சேவு, சீரகப்பொடி, வத்தல். இரண்டு மாதக் கப்பல் பயணத்தில் சேவு நமத்துப் போயிருந்தது. ஆனாலும் ஞானம் ஒரு துணுக்கு விடவில்லை. சேவைச் சுற்றியிருந்த தாள்களை நீவி, மடித்து, அலமாரியில் வைத்தாள். அச்சகத்துக் கழிவுத் தாள்கள்தான். சிவகாசியில் எந்தப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தாலும் அந்த மாதிரி லேபிள் தாளில்தான் அட்டை போட்டிருக்கும்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் நோட்டுகளுக்கு அட்டை போட்டு வரச் சொன்னார்கள். நான் காலை ஷிப்டுக்குப் போயிருந்தேன். ஞானம் மூன்று நோட்டுக்கும் அட்டை போட்டு, படம் வெளியே தெரியும்படி அழகாக மடித்து, மகளை அனுப்பிவைத்தாள்.

3

நான் வீடு திரும்பியபோது லில்லி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். புத்தகப் பை காலியாக இருந்தது.

“என்னாச்சு பாப்பா?”

“டீச்சர் நோட்டை எடுத்துக்கிட்டாங்க. பீட்டர் எந்திரிச்சு இப்படிக் கையத் தூக்குனான். ரெண்டு பேரு சிரிச்சாங்க. அப்புறம் டீச்சர் அளுதாங்க.”

“அவனையா அடிச்சாங்க? உன்னையா?”

“யாரையும் அடிக்கல. வெளிய போயி நின்னு அளுதாங்க.”

அவள் வலது கையை விறைப்பாக நீட்டிக் காட்டினாள். பழைய பத்திரிகைப் படங்களில் பார்த்த நாஜி வணக்கம் அது. அலமாரியைத் திறந்தேன். மிச்சமிருந்த தாளில் வரிசை வரிசையாக என் லேபிள். சிவப்பு வட்டங்கள், மஞ்சள் குறிகள். பார்த்துப் பார்த்துப் பழகிய படத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாக இந்த ஊர்க்காரன் கண்ணால் பார்த்தேன்.

ஞானம் அடுப்படியிலிருந்து வந்தாள். சொன்னேன். தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நான்தானங்க போட்டேன். அளகா இருக்குன்னு போட்டேன். பிள்ளைய எதுவும் செய்வாகளா?”

“பிள்ளைய ஒண்ணும் செய்ய மாட்டாங்க” என்றேன். எங்களை என்ன செய்வார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. அதன் தலைப்பில் ‘அன்ட்சைகெ’ என்று இருந்தது. அச்சுத் தொழிலில் இருப்பவனுக்கு அந்த வார்த்தை நன்றாகத் தெரியும். பத்திரிகையில் வருகிற விளம்பரத்துக்கு அதுதான் பெயர். நம்மைப் பற்றி யார் விளம்பரம் கொடுத்தார்கள் என்று குழம்பி, தொழிற்சாலையில் ஃபோர்மன் குரூபரிடம் காட்டினேன். ஒரு தடவை படித்தவர் கையைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“சாமுவேல், இது விளம்பரம் இல்லை. போலீஸில் கொடுக்கிற புகாருக்கும் இதே வார்த்தைதான்.”

வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் தகப்பனார் புகார் கொடுத்திருந்தார். தடை செய்த சின்னத்தைப் பொது இடத்தில் காட்டியதாக என் பேரில் விசாரணை. இரண்டு மாதத்தில் எங்கள் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. போலீஸில் வழக்கு இருக்கும் வெளிநாட்டுக்காரனுக்கு அந்த முத்திரை விழாது என்பதைக் குரூபர் சொல்லாமலேயே நான் தெரிந்துகொண்டேன்.

அவரே ஒரு வழியும் சொன்னார். “உங்கள் நாட்டில் இது மதச் சின்னம்தானே? ‘இது என் மதம்’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். விட்டுவிடுவார்கள்.”

4

விசாரணை நாளன்று காலையில் ஞானம் காப்பியை முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“என்ன சொல்லப் போறீக?”

“குரூபர் சொன்னதைச் சொல்லிரலாம்னு பாக்கேன். இந்துன்னு ஒரு வார்த்தை. அம்புட்டுத்தான்.”

“ஆண்டவரைத் தெரியாதுன்னு சொன்ன பேதுருவும் அம்புட்டுத்தான் நினைச்சிருப்பாரு.”

எனக்குக் கோபம் வந்தது. “வேலை போனா? திருப்பி அனுப்பிட்டா? பிள்ளை படிப்பு என்னாகும்?”

“போனாப் போகுது. சாத்தூர் ஆஸ்பத்திரில எனக்கு வேலை இல்லாமலா போயிரும்? பொய்யச் சொல்லி வாங்குன முத்திரைய வச்சுக்கிட்டு வருசம் பூரா பயந்துக்கிட்டு இருக்கணுமா? மாரியப்பண்ணன் சாமி கும்பிடுதாரே, அவரு பேரச் சொல்லி நாம ஒளிஞ்சுக்கிடலாமா?”

நான் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

போலீஸ் அலுவலகத்தில் கனத்த கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி. இரண்டே விரலால் தட்டச்சு செய்தார். லில்லியின் நோட்டு அட்டைகள் மூன்றும் அவர் மேஜையில் இருந்தன. எத்தனை சின்னம் என்று அறிக்கையில் எழுத வேண்டுமாம். பென்சில் முனையை வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். பாதியில் குழம்பி மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டவற்றைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அடுத்த அறைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். எனக்கு உதவியாகக் குரூபர் வந்து உட்கார்ந்திருந்தார்.

“மதம்: இந்து” என்று சொல்லிக்கொண்டே அதிகாரி தட்டப் போனார்.

தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆட்டவில்லை.

“இல்லை ஐயா. நான் கிறிஸ்தவன். புராட்டஸ்டன்ட்.”

விரல்கள் நின்றன. குரூபர் என் காலை மிதித்தார்.

“பின்னே இது என்ன?” என்றார் அதிகாரி.

“எங்கள் ஊர்த் தீப்பெட்டியின் சின்னம். எங்கள் நாட்டில் கோடிக்கணக்கான பேருக்கு மங்கலமான குறி. எனக்கு அது தொழில். இதை வரைந்தவன் நான்தான்.”

“நீங்களே வரைந்தீர்களா?”

அந்த அறையில் சொல்லியிருக்கவே கூடாத வாக்கியம் அது. பதற்றத்தில் விளக்கிச் சொல்ல வார்த்தை வரவில்லை. கல்லில் எப்படித் திருப்பி வரைவோம் என்று காட்டலாமென்று மேஜையிலிருந்த பென்சிலை எடுத்து, அவருடைய தாளில் ஒரு கோடு இழுத்தேன்.

“வரையாதீர்கள்!” என்று அவர் எழுந்தே விட்டார். “கடவுளே, போலீஸ் ஸ்டேஷனுக்குள் வேண்டாம்!”

குரூபருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரியும் உதட்டைக் கடித்துக்கொண்டார். அந்த நேரம் கதவு திறந்தது. லில்லியின் டீச்சர் உள்ளே வந்தார். லேமன் என்று பெயர். நாற்பது வயதிருக்கும். சாட்சிக்கு அழைத்திருந்தார்கள். சிரிப்பு அத்தோடு நின்றது.

அட்டைகளுக்கு முதுகு காட்டுகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கேட்காமலேயே பேசினார்.

“எனக்கு ஒரு தம்பி இருந்தான். வலிப்பு நோய். பேச்சும் சரியாக வராது. ஒருநாள் சட்டையில் இந்தக் குறி குத்திய இரண்டு பேர் வந்து, நல்ல ஆஸ்பத்திரியில் சேர்ப்பதாகச் சொல்லி அழைத்துப்போனார்கள். மூன்று வாரத்தில் அவன் செத்துவிட்டதாக அச்சடித்த கடிதம் ஒன்று வந்தது. அவனைப் போன்ற நோயாளிகளை அவர்கள் கொன்றுவந்தது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு வகுப்பில் நான் அழுதது அந்தக் குழந்தையால் இல்லை. ஒரு பையன் கையைத் தூக்கினான். வீட்டில் பார்க்காமல் அவனுக்கு அது தெரிந்திருக்காது.”

அதிகாரி தட்டச்சு செய்யாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. தாயாருக்கும் தெரிந்திருக்காது. தகப்பனைப் பற்றி என்னால் சொல்ல முடியாது” என்ற டீச்சர் என் பக்கம் திரும்பினார். “நீங்கள்தான் வரைந்தீர்கள் என்று வெளியே நின்றபோது காதில் விழுந்தது. வரைந்தபோது என்ன நினைத்தீர்கள்?”

உள்ளதையே சொன்னேன்.

“நாலு கையும் ஒரே அளவாக வர வேண்டுமே என்று நினைத்தேன், அம்மா. வேறொன்றும் நினைக்கவில்லை. உங்கள் தம்பியைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இது என் வீட்டு அலமாரியில் இருந்திருக்காது.”

டீச்சர் அதிகாரியிடம் சொன்னார்: “பொய் சொல்லத் தெரிந்தவர் இதைவிட நல்ல பதிலாகச் சொல்லியிருப்பார். எழுதிக்கொள்ளுங்கள்.”

ஒரு மாதத்தில் விசாரணையை முடித்துக்கொண்டதாகக் கடிதம் வந்தது. அட்டைகளைப் பறிமுதல் செய்ததற்கு ஒரு ரசீதும் இருந்தது. தங்கும் அனுமதியில் முத்திரை விழுந்தது. ஞானம் அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என்ன பாடினாளோ, முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

5

மாரியப்பனுக்கு நடந்ததை எழுதினேன். அவன் பதில் சூடாக வந்தது. “அண்ணே, நம்ம தெருவுல பொறந்த பிள்ளைய ஒரு திருடன் தூக்கிட்டுப் போயி அவன் பேரு வச்சுக்கிட்டான். அதுக்குப் பிள்ளை மேல கேஸ் போடுவாகளா?” என்று கேட்டிருந்தான்.

கேள்வி நியாயமானது. அங்கே ஒருவன் கல்யாணப் பத்திரிகையில் போடுகிற குறியை இங்கே ஒருவன் ஜெயிலுக்குப் பயந்து அழிக்கிறான். நம்முடையது வலப்பக்கம் திரும்பியது, அவர்களுடையது இடப்பக்கம் என்று சில பேர் சமாதானம் சொல்வார்கள். வரைந்தவன் சொல்கிறேன், அப்படி இல்லை. இரண்டும் ஒரே பக்கம்தான். அவர்கள் அதைச் சாய்த்து நிறுத்தினார்கள், அவ்வளவே. இவர்கள் மொழியில் அதன் பெயர் ‘கொக்கிச் சிலுவை’. எங்கள் சிலுவையையும் இழுத்து அதில் மாட்டிவிட்டார்கள்.

பேச்சுக்கு இவ்வளவு இடம் கொடுக்கிற தேசம் ஒரு கோட்டுக்கு மட்டும் வேலி போடலாமா என்று நான் லேமன் டீச்சரிடமே கேட்டேன். அதற்குள் எங்களுக்குள் பழக்கமாகியிருந்தது. விசாரணை முடிந்த வாரத்தில் நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்க அவரே வீட்டுக்கு வந்தார். நீலத் தாளில் தன் கையால் அட்டை போட்டுக் கொண்டுவந்தார். ஞானம் அவருக்கு மிளகு ரசம் கொடுத்தாள். கண்ணில் நீர் வர வர இரண்டு கோப்பை குடித்தார்.

“இந்தச் சட்டம் அந்தப் பையனைத் திருத்தாது” என்றார். “அவன் வீட்டுக்குள் என்ன பேசுகிறார்கள் என்பதையும் மாற்றாது. ஆனால் அவன் கையைத் தூக்கும்போது, இந்த ஊர் என் பக்கம் நிற்கிறது என்று எனக்குச் சொல்கிறது. முன்னே ஒரு தடவை யாரும் நிற்கவில்லை.”

அடுத்த வருஷம் அவர் ஒரு காரியம் செய்தார். பாடம் சொல்லிக்கொடுப்பதற்காக அந்தச் சின்னத்தைக் காட்டச் சட்டத்தில் இடம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு, தலைமையாசிரியரிடம் எழுதி வாங்கி, என்னை வகுப்புக்கு அழைத்தார். நான் சிவகாசியைப் பற்றிச் சொன்னேன். தீக்குச்சி அடுக்குகிற பெண்கள், வெயிலில் காய்கிற மத்தாப்பு, ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் வந்து இறங்குகிற கூட்டம் என்று எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் அந்த லேபிள் கதைக்கு வந்தேன். டீச்சர் தன் தம்பியின் படத்தைக் காட்டினார். பீட்டர் என்கிற அந்தப் பையன் கை தூக்கினான். இந்தத் தடவை கேள்வி கேட்க.

“உங்கள் ஊரில் இதைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்களா?”

“மாட்டார்கள்.”

“அப்படியென்றால் இங்கே ஏன் அதை ஒதுக்கிவிட்டீர்கள்?”

“இங்கே பயப்படுகிறவர்கள் என் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள்” என்றேன். அவன் டீச்சரைப் பார்த்தான். பிறகு குனிந்துகொண்டான். அவன் வீட்டில் அன்றைக்கு என்ன சொன்னானோ தெரியாது. பள்ளி முடிகிறவரை லில்லிக்கு அவன் நல்ல சிநேகிதனாகத்தான் இருந்தான்.

6

இரண்டு வருஷத்துக்கு முன் குடும்பத்தோடு ஊருக்குப் போனோம். லில்லிக்குப் பதினைந்து வயது. தமிழில் யோசித்து யோசித்துத்தான் பேசுவாள். வினைச்சொல் வர வேண்டிய இடத்தில் வராது. சொந்தக்காரர்கள் சிரித்தால் வாயை மூடிக்கொள்வாள். ஞானத்துக்கு அதில் ஏகப்பட்ட வருத்தம். “பிள்ளை நம்ம கையில இல்லைங்க” என்று ரயிலிலேயே சொல்லிக்கொண்டு வந்தாள்.

நாங்கள் போன நேரம் மாரியப்பன் காலால் மிதித்து ஓட்டுகிற டிரெடில் அச்சு மிஷின் ஒன்றைச் சொந்தமாக வாங்கியிருந்தான். சின்ன அச்சகம், முன்னால் ஓட்டுச் சாய்ப்பு. திறப்பு விழாவுக்கு இருக்கன்குடியிலிருந்து அம்மன் பிரசாதம் வந்திருந்தது. மிஷினுக்கு மாலை போட்டார்கள். மாரியப்பன் மனைவி சண்முகத்தாய் மஞ்சளைக் குழைத்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, வாசல் சுவரில் ஸ்வஸ்திகம் போட வந்தாள். வீட்டுக்கு வந்த பெண்பிள்ளை தொடங்கிவைக்கட்டும் என்று ஆசையாக லில்லியைக் கூப்பிட்டாள்.

“வா தாயி. நீ முதக் கோடு போடு.”

லில்லி அசையவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். சாய்ப்பில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குறுக்கே புகுந்து ஏதாவது சொல்லலாமென்று போனேன். ஞானம் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஏத்தா, என்ன? உடம்புக்கு முடியலையா?”

“இல்லை அத்தை.” லில்லி ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தாள். “எங்க டீச்சர்... அவங்க தம்பியை இதைக் குத்தினவங்க கொன்னாங்க. சின்னத் தம்பி. உங்களது வேற, எனக்குத் தெரியும். ஆனா என் கை வராது.”

சண்முகத்தாய்க்குப் பாதி விளங்கியிருக்கும், பாதி விளங்கியிருக்காது. அவள் மஞ்சள் விரல்களைப் புடவையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி கேட்டாள்.

“அந்தத் தம்பிக்கு என்ன பேரு தாயி?”

“எரிக்.”

“பெத்தவ எப்படித் தாங்குனாளோ” என்றாள் சண்முகத்தாய். மாரியப்பன் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். சண்முகத்தாயே மறுபடி சொன்னாள்: “நீ போட வேண்டாந்தா. சங்கடப்படாத. அங்கன உக்காரு.”

லில்லி போய் உட்காரவில்லை. சுவருக்கும் அவளுக்கும் நடுவில் நின்று யோசித்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டினாள்.

“நீங்க போடுங்க, அத்தை. நான் கிண்ணம் பிடிக்கேன்.”

‘பிடிக்கேன்’ என்றாள். அச்சு அசல் சாத்தூர்ப் பேச்சு. ஞானம் என் கையை இறுக்கினாள். சண்முகத்தாய் கிண்ணத்தை லில்லியிடம் கொடுத்துவிட்டு, விரலை மஞ்சளில் தோய்த்து, முதல் கோட்டைப் போட்டாள்.